புருவத்தால் ஒரு ஓம்

தவராஜா பஞ்சை நனைத்து, மாமி அமாலியின் உதட்டைத் தடவிக்கொண்டிருந்தான். "இன்னும் வேணுமே, மாமி?" என்று தமிழிலேயே கேட்டான். அமாலிக்குத் தமிழும் தெரியாது, டேனிஷும் வராது. ஆனாலும் இரண்டு புருவங்களையும் மெல்ல உயர்த்தினாள். கிறீன்லாந்தில் ஓம் சொல்வது அப்படித்தான். நேற்றுவரை அது தெரியாமல், மனுஷி திடுக்கிடுகிறாள் என்று நினைத்துத் தண்ணீர்க் கோப்பையைத் திருப்பி எடுத்துக்கொண்டு போன மடையன் அவன். மனைவி கத்தரீனா கண்டு ஏசிய பிறகுதான் விளங்கியது.

அது எண்பத்தாறு மாசி. அமாலியை வைத்தியத்துக்கென்று கிறீன்லாந்திலிருந்து கொண்டுவந்திருந்தார்கள். கோப்பன்ஹேகன் ஆஸ்பத்திரிக்கு வெளியே பனி விழுந்துகொண்டேயிருந்தது. அறைக்குள் கலங்கிய வெளிச்சம். பகலா, கனவா என்று பிடிபடவில்லை.

கட்டிலின் மறுபக்கம் கத்தரீனா. அவளை ஏழு வயதில், நல்ல டேனிஷ் பிள்ளையாக்குகிறோம் என்று இந்தத் தாயிடமிருந்து பிரித்து, டென்மார்க்குக்குக் கப்பலேற்றியிருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் புருவத்தை உயர்த்தினால் ரீச்சர் நெற்றியில் விரலை வைத்து அழுத்துவாளாம்: "வாயால் சொல்." தாய்மொழி போய்விட்டது. நெற்றியும் அசைவதை விட்டுவிட்டது. "கிழவியானாலும் உமக்குச் சுருக்கம் விழாது" என்று தவராஜா பகிடி பண்ணுவான். இப்போது அதை நினைக்க வெட்கமாக இருந்தது.

அமாலி மகளைப் பார்த்து ஏதோ கேட்டாள். காலையிலிருந்து அதே கேள்வி.

"என்ன கேக்கிறா?" அவர்களுக்குள் பேச்சு டேனிஷில்தான்.

"எனக்கு விளங்கேல்லை, தவா. என்ர அம்மா கேக்கிறா, எனக்கு விளங்கேல்லை. மொழிபெயர்க்கிற ஆள் நாளைக்குத்தான் வருவாராம்."

கத்தரீனா தாயின் கையைப் பிடித்தாள். "யா, மோர். யா." ஓம் அம்மா, ஓம்.

அமாலி அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. மகளின் வாயைப் பார்க்காமல் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பின்னேரம் மூச்சு இழுக்கத் தொடங்கியது. மறுபடி அதே கேள்வி, பாதியில் நின்றது. கத்தரீனா வாயைத் திறந்தாள். "யா" சொல்லாமலே மூடினாள். அப்போது, இறுகிப்போன கதவைத் தள்ளித் திறப்பதுபோல, அவளுடைய புருவங்கள் இரண்டும் மெல்ல மேலே போயின.

அமாலி அதைக் கண்டாள். கண்ணை மூடினாள். பிறகு திறக்கவில்லை.

வெகுநேரம் கழித்துத் தவராஜா கேட்டான். "எதுக்கு ஓம் எண்டு சொன்னனீர்?"

"தெரியாது."

நகருக்கு வெளியே, இஷொயில் இருந்த தங்கள் வீட்டுக்கு ரயிலில் வந்தார்கள். கோட்டைக்கூடக் கழற்றாமல் அவள் குசினியில் இருந்தாள். அவன் கேத்திலை அடுப்பில் வைத்தான்.

"தேத்தண்ணி குடிக்கிறீரே?"

யன்னலுக்கு வெளியே பனியைப் பார்த்தபடி, அவள் புருவங்களை உயர்த்தினாள்.

அவன் இரண்டு கோப்பைகளை எடுத்து வைத்தான்.