ஐந்தடி எட்டங்குலம்

தங்கமணிக்குத் தன் மகன் முகத்தை நேரில் பார்க்கக் குறிக்கப்பட்ட விலை ஐந்தடி எட்டங்குலம். ரூபாயாக இருந்திருந்தால் பேசிப் பேசியே பாதிக்கு முடித்திருப்பாள். கள்ளக்குறிச்சியில் அவளுடைய புளி மண்டிக்கு வந்து, வாயால் சொன்ன விலைக்கே சரக்கை விற்றுவிட்டுப் போனவன் எவனும் கிடையாது. ஆனால் இது மர உயரத்தில் சொல்லப்பட்ட விலை. மரத்தோடு உட்கார்ந்து யார் பேரம் பேசுவது?

விலை சொன்னவன் அந்த மகன்தான். சரத்குமார், டெக்சாஸில் கம்ப்யூட்டர் வேலை. ஆறு வருஷத்துக்கு முன்னால் அப்பாவின் காரியத்துக்கு வந்தவன், பதினாறாம் நாள் முடிந்த மறுநாள் காலையிலேயே பெட்டியைக் கட்டிவிட்டான். கார் வந்து நின்றதும் கோட்டுப் பையிலிருந்து ஐந்து கொட்டைகளை எடுத்து அம்மா கையில் வைத்தான். தொப்பி போட்ட கொட்டைப்பாக்கு மாதிரி இருந்தன.

"ஓக் மரத்துக் கொட்டைம்மா. எங்க ஆபீஸ் வாசல்ல நிக்கிது. வருஷம் பூரா பச்சையா இருக்கும். நம்ம ஊரு வெயிலு அதுக்கு ஒண்ணுமே இல்ல. வேர் ஊனிடுச்சின்னா தண்ணி கூட வேணாம்."

"எனக்கு இன்னாத்துக்குடா மரம்? நீ எப்ப வருவ, அத சொல்லு."

அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். அம்மா முகத்தை விட்டு வேறு எதையாவது பார்க்க வேண்டியிருந்தது. "இது என் உயரத்துக்கு வளரட்டும்மா. அன்னிக்கே டிக்கெட் போட்டுடறேன்."

தேதி போடாத பேச்சுக்குத் தங்கமணி தலையாட்டியது வாழ்க்கையில் அந்த ஒரு தரம்தான். அன்றைக்கு அவள் வியாபாரியாக இல்லை. இருந்தாலும் பழக்கம் விடுமா? அவனைப் பின்கட்டுக் கதவு நிலையில் சாய்த்து நிறுத்தி, தலையை ஒட்டிப் பென்சிலால் கோடு கிழித்து, டேப்பு வைத்து அளந்துகொண்ட பிறகுதான் காரில் ஏறவிட்டாள்.

சோதிக்காமல் சரக்கெடுப்பவள் அல்ல. கொட்டைகளைச் சொம்புத் தண்ணீரில் போட்டாள். இரண்டு மிதந்தன, சொத்தை. மீதி மூன்றை மூன்று பைகளில் ஊன்றினாள். ஒன்றை அணில் தூக்கிப் போனது. ஒன்று மண்ணுக்குள்ளேயே அழுகியது, ஏனென்றால் முளைத்ததா முளைத்ததா என்று நாளுக்கு இரண்டு தரம் அதைக் கிளறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்று முளைத்தது. அதைக் கொல்லையில், போர்வெல் குழாய்க்குப் பக்கத்தில் நட்டாள்.

புளி வியாபாரத்தில் ஒரு ரகசியம் உண்டு. விற்பவர்கள்தான் அதை ரகசியம் என்பார்கள். வாங்குகிற எல்லோருக்கும் தெரியும். எடை போடுவதற்கு முதல் நாள் சாயங்காலம் புளியின் மேல் லேசாகத் தண்ணீர் தெளித்து மூடி வைத்தால், விடிந்ததும் நூறு கிலோ நூற்று நாலு காட்டும். முப்பது வருஷமாகத் தங்கமணி வீட்டு உலையைக் கொதிக்க வைத்தது அந்த நாலு கிலோ. தண்ணீர் பட்டால் எதுவும் ஏறும் என்பது அவள் மூளைக்குப் போகாமல் நேராகக் கைக்கே போய்ச் சேர்ந்துவிட்ட படிப்பு.

வெள்ளிமலையிலிருந்து ஜீப்பில் புளி கொண்டுவரும் சின்னக்கண்ணு ஒரு நாள் கொல்லைப்பக்கம் எட்டிப் பார்த்தான்.

"இன்னா யக்கா, நெல்லு நட்ட மாதிரி வரப்பு கட்டி பாய்ச்சினுகீறீங்க? எங்க மலையில பாறை இடுக்குல நிக்கிற மரத்துக்கு எவன் கொடம் தூக்கினு போறான்? காயப் போடுங்க. காஞ்சாத்தான் வேரு கீழ போவும்."

"நீ புளிக்கு வெலைய சொல்லு. மரத்துக்கு சொல்லாத."

"புளிக்கும் நீங்களே சொல்லிடறீங்க. தண்ணியும் நீங்களே ஊத்திக்கறீங்க. எனுக்கு இன்னாதான் வேலை?"

சிரித்துவிட்டு அவன் சொன்னதை அங்கேயே விட்டுவிட்டாள். வறட்சி தாங்கும் மரம் என்பது, கூலிக்காரனுக்குப் பசி தாங்கும் என்று முதலாளி சொல்வது போல என்பது அவள் எண்ணம். தாங்கும் என்பதற்காகத் தராமல் இருக்க முடியுமா? தாங்குவது எப்படி என்று அவளுக்குத் தெரியாதா?

முதல் வருஷம் ஒரு சாண். மூன்றாம் வருஷம் இடுப்பு. மாதம் முதல் தேதி டேப்பு வைத்து அளந்து, கதவு நிலையில் கோடு போட்டு, மகனுக்குப் படம் அனுப்புவாள். பதிலுக்கு அவன் தூக்கிய கட்டைவிரல் பொம்மை ஒன்றை அனுப்புவான். ஆறாம் வருஷத்து ஆனியில் மரம் ஐந்தடி ஒரு அங்குலம். இன்னும் ஏழு அங்குலம்தான்.

அந்த ஏழு அங்குலத்தில்தான் அவள் பொறுமை தீர்ந்தது. குழாயை இரண்டு வேளை திறந்துவிட்டாள். வாரம் ஒரு கைப்பிடி யூரியா. மரம் மடமடவென்று வெளிர்பச்சைத் துளிர் விட்டு ஓர் அங்குலம் ஏறியது. "பாத்தியா!" என்று சின்னக்கண்ணுவிடம் காட்டினாள். அவன் துளிரைக் கிள்ளிப் பார்த்தான். கீரைத்தண்டு மாதிரி ஒடிந்தது. ஒடிந்ததை அவள் கையில் வைத்துவிட்டு ஜீப்புக்குப் போய்விட்டான்.

ஐப்பசியில் ஒன்பது நாள் மழை. அவள் கட்டிய வரப்புக்குள் தண்ணீர் குளமாக நின்றது. வருஷம் பூரா பச்சையாக இருக்கும் என்ற மரம் இலை நுனி கறுத்து, பழுத்து, கார்த்திகை பிறப்பதற்குள் மொத்தமும் கொட்டிவிட்டது. அடிமரத்தைக் கட்டைவிரலால் அழுத்தினாள். பட்டை கையோடு வந்தது. மோந்து பார்த்தாள். அதிகமாகத் தெளித்துப் பூசணம் பிடித்த புளியின் வாசனை. அந்த வாசனை அவளுக்கு நன்றாகத் தெரியும். எத்தனையோ மூட்டையை யாருக்கும் தெரியாமல் குப்பையில் கொட்டியிருக்கிறாள்.

சின்னக்கண்ணு நகத்தால் சுரண்டிப் பார்த்தான். "போயிடுச்சு யக்கா."

"தெரியுது." கையிலிருந்த பட்டையை வீசிவிட்டுக் கேட்டாள்: "உன் வூட்டாண்ட ஆளு உயரத்துக்கு மேல எதனா கன்னு கீதா? இலை கெட்டியா, பளபளன்னு இருக்கணும்."

"டிரம்முல ஒரு மகிழ மரம் கீது. ஆறடி. ஆனா அது இது இல்லியே?"

"வெலைய சொல்லு."

அவன் எப்போதும் போல் இரண்டு மடங்கு சொன்னான். தங்கமணி சொன்னபடியே எண்ணிக் கொடுத்தாள். சின்னக்கண்ணு பயந்துபோய் முந்நூறு ரூபாயைத் திருப்பிக் கொடுத்தான்.

மகிழ மரம் வந்து இறங்கியது. செத்த மரத்துக்கு முன்னால், அது தெரியாதபடி டிரம்மை நிறுத்தினாள். ஞாயிற்றுக்கிழமை காலை மகனை வீடியோவில் கூப்பிட்டாள். கள்ளச் சரக்கை எத்தனையோ பேரிடம் தள்ளியிருக்கிறாள். ஆனால் சரக்கைத் தெரிந்தவனிடம் தள்ளியதில்லை. ஓக் இவன் தினம் கடந்து போகிற மரம். மகிழம் இவன் சின்ன வயதில் கோயில் வாசலில் பூப் பொறுக்கி, நாரில் கோத்து, அவள் கழுத்தில் போட்ட மரம். இரண்டையும் தெரிந்தவன். என்ன கேட்டால் என்ன சொல்வது என்று நாலைந்து பொய்களை வரிசையாக அடுக்கி வைத்திருந்தாள்.

"செமம்மா! ஓக் சூப்பரா வந்துடுச்சே!"

அவ்வளவுதான். ஒரு பொய் கூடச் செலவாகவில்லை. நிம்மதியாக இருக்க வேண்டியவளுக்கு அது போதவில்லை. போனைக் கிளைக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

"பூ பூத்துக்கீது, பாருடா."

"ஓ, பூ கூட வருமா? நைஸ்."

இன்னும் பக்கத்தில் கொண்டுபோனாள். சின்ன நட்சத்திரப் பூ திரை முழுக்க நின்றது. அவன் வேறெங்கோ பார்த்து யாருக்கோ தலையாட்டினான்.

"உன் உயரத்த தாண்டிடுச்சு சரத்து."

"ஆமாம்மா… இந்த வருஷம் வெளிய வந்தா திரும்ப உள்ள விடுவானான்னே தெரியல. விசா தகராறு. இன்னும் கொஞ்சம் வளரட்டும்மா. நல்லா நிழல் விடட்டும், எல்லாருமா வந்து உக்காரலாம்."

எடை போட்ட பிறகு விலையை ஏற்றுகிறவனை அவள் மறுபடி மண்டி வாசல் ஏறவிட்டதில்லை.

"சரிடா. சாப்டியா?" என்றாள்.

போனை வைத்துவிட்டு டிரம்முக்குப் பின்னால் போனாள். காய்ந்த குச்சியாக மரம் அப்படியே நின்றது. டேப்பை எடுத்து அளந்தாள். ஐந்தடி இரண்டங்குலம், செத்தும் உயரம் குறையவில்லை. அவள் கொடுத்தது போலிச் சரக்கு. ஆறு வருஷமாக அவன் நீட்டிக்கொண்டிருந்ததும் செல்லாத நோட்டு. கொடுத்தவன் வாங்கியவள் இருவரில் யார் முதலில் ஏமாற்றியது என்று மண்டியில் வழக்கு வந்தால் அவளாலேயே தீர்ப்புச் சொல்ல முடியாது.

பென்சிலை எடுத்துக்கொண்டு கதவு நிலைக்குப் போனாள். அவன் தலைக்கோட்டுக்குக் கீழே, மரத்தின் கோடுகளுக்குப் பக்கத்தில், மண்டிச் சீட்டு எழுதும் அதே எழுத்தில் எழுதினாள்.

கொட்டை ஐந்து.
மிதந்தது இரண்டு.
அணில் கொண்டது ஒன்று.
கிளறி அழித்தது ஒன்று.
ஊற்றிக் கொன்றது ஒன்று.
ஐந்துக்கு ஐந்து, நேர்.

அதற்குக் கீழே இன்னொரு வரி போட்டாள்: மகன் ஒன்று. எதிரில் என்ன எழுதுவது என்று பென்சிலை வெகுநேரம் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த வரி மட்டும் பாக்கியாகவே நின்றது.