நீலச் சீட்டு

லாரியிலிருந்து இறங்கிய பன்னிரண்டு பேரும் பள்ளிக்கூட வாசலில் வரிசையாக நின்றார்கள். காலையிலிருந்து இது நான்காவது ஊர். ஆகஸ்ட் வெயில் மண்டையைப் பிளந்தது. ரோஸாலியின் பையில் இன்னும் நான்கு நீலச் சீட்டுகள் இருந்தன. வெளியூர் போனவர்கள் போன இடத்திலேயே ஓட்டுப் போட அரசாங்கம் கொடுக்கும் சீட்டு. ஒன்றுகூட அவள் பேரில் இல்லை.

கல்யாணமானவளுக்குச் சொந்தப் பேர் ஏது? மாதா கோயில் ஏட்டிலும் அவள் வேலை செய்யும் செங்கல் சூளைப் பதிவிலும் இன்னார் சம்சாரம் என்றுதான் எழுதுவார்கள். சீட்டிலும் அப்படித்தான், நான்கும் வேறு வேறு ஆட்களின் சம்சாரம்.

"மாட்டிக்கிட்டா என்னடி பண்றது?" என்றாள் ரோஸாலி.

"உனக்கென்னடி, கையில நாலு புருஷன். எனக்கு ஒண்ணுக்கே வழியைக் காணோம்," என்றாள் சூளையில் கூடக் கல் சுமக்கும் பிரோஷ்கா.

ரோஸாலிக்குச் சிரிப்பு வரவில்லை. சண்டை முடிந்து இரண்டு வருஷமாகியும் அவள் புருஷன் வெண்டெல் ருஷ்யாவில் கைதியாக நிலக்கரி வெட்டிக்கொண்டிருந்தான். "ஏழு ஊர்லயும் போட்டுட்டு வா. அடுத்த கைதி வண்டியில உன் வீட்டுக்காரர் வந்து இறங்குவார்," என்று சூளையின் கம்யூனிஸ்ட் கட்சிச் செயலாளர் ஸல்காய் சொல்லியிருந்தார்.

உள்ளே குமாஸ்தா தலையை நிமிர்த்தாமல் கேட்டார். "பேரு?"

"போட்னார் வெண்டெல் சம்சாரம்."

ஆறு வருஷப் பழக்கம், வாய் முந்திக்கொண்டது. ஐயோ என்று ஆகிவிட்டது அவளுக்கு.

"சீட்டுல ஸாபோ கரோய் சம்சாரம்னுல்ல இருக்கு?"

மூலை பெஞ்சில் எதிர்க்கட்சிக்காக உட்கார்ந்திருந்த விவசாயி பாலின்ட் துள்ளி எழுந்தார். "ஒரு பொம்பளைக்கு எத்தனை புருஷன்யா? போட்னார் வெண்டெல் சம்சாரம், எழுதுங்க!" அவரே தன் நோட்டில் எழுதியும்விட்டார்.

லாரியில் கூட வந்திருந்த ஸல்காய் ஆளனுப்பினார், கால் மணி நேரத்தில் ஜீப் வந்தது. இரண்டு போலீஸ்காரர்கள், நாட்டைப் பிடித்திருந்த ருஷ்யப் படையின் அதிகாரி ஒருவர். அதிகாரி சுவரில் சாய்ந்து சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டிருந்தார். மற்றவர்களோ அவர் முகத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் பேசினார்கள்.

ஸல்காய் ஒரு காகிதத்தை நீட்டினார். 'நான் ஸாபோ கரோய் சம்சாரம். போட்னார் வெண்டெல் என்று யாரையும் எனக்குத் தெரியாது. பாலின்ட் சொல்வது பொய்.'

"தோழர், எம் புருஷனையே தெரியாதுன்னு எப்படிங்க..."

"அவர் வரணுமா, வேண்டாமா?"

போலீஸ்காரர் அடித்ததில் பாலின்டின் உதடு கிழிந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. "நெசத்தைச் சொல்லும்மா. எனக்கும் வீட்ல பொண்டாட்டி இருக்கா," என்றார்.

அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. ஸாபோ கரோய் சம்சாரம் என்று கையெழுத்துப் போட்டாள். ஓட்டும் விழுந்தது. பாலின்டை ஏற்றிக்கொண்டு ஜீப் கிளம்பியது. அவருடைய தொப்பி பெஞ்சிலேயே கிடந்தது.

"ஏறுங்க, ஏறுங்க, இன்னும் மூணு ஊர் இருக்கு," என்று ஸல்காய் கையைத் தட்டினார்.

லாரியில் பிரோஷ்கா நகர்ந்து அவளுக்கு இடம் விட்டாள். ரோஸாலி அடுத்த சீட்டை எடுத்து, புழுதிக்குக் கண்ணை இடுக்கிக்கொண்டு படித்தாள். பிறகு இந்தத் தடவை தப்பக் கூடாது என்று, வழி நெடுக வாய்க்குள்ளேயே உருப்போட்டாள்.

"கோச்சிஷ் ஷாந்தோர் சம்சாரம். கோச்சிஷ் ஷாந்தோர் சம்சாரம்."