மேலும் ஒரு வார்த்தை

அழைப்பிதழில் ‘நாடகக் கலைஞர்’ என்று மட்டும் போட்டிருந்தது என் மனைவிக்குப் பொறுக்கவில்லை. நேற்றைய மழைக்கு முளைத்த காளான்களெல்லாம் நாடகக் கலைஞர் என்று திரிகிற ஊரில், பாராட்டு விழா என்று கூப்பிட்டுவிட்டுத் தன்னையும் அதே வரிசையில் உட்கார வைப்பதா? உடனே நகரமன்றக் கலைக்குழுத் தலைவருக்குப் போன் போட்டாள். தலைவர் வேறு யாருமில்லை, எங்கள் நாடகங்களில் ஈட்டி பிடித்து ஓரமாக நின்றவன்தான். அப்போது வாயில் ஒரு வசனம் நுழையாது. அரசியலுக்குப் போனதும் அருவியாகக் கொட்டியது. இன்னமும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவான்.

“ஏண்டா, ‘மூத்த’ன்னு ஒரு வார்த்தை சேத்தா உங்க மன்றம் குறைஞ்சா போயிடும்?”

“நீங்களே கேக்குறீங்களாக்கா?”

“பின்ன, பக்கத்து வீட்டுக்காரியா கேப்பா?”

“சரிக்கா. உங்க வாயாலயே சொல்லிட்டீங்க. போட்டுடறேன்.”

மரியாதை தெரிந்த பையன் என்றாள். நானும் மண்டையை ஆட்டினேன்.

மன்றக் கட்டடத்தின் மேல்மாடியில் இருந்தது எங்கள் ஒத்திகை அறை. சுவரெல்லாம் ஆணி, தரையெல்லாம் யார் எங்கே நிற்பது என்று அவள் போட்ட சாக்பீஸ் கோடு. கீழே காபிக் கடை வைத்தவருக்கு மாடியும் வேண்டுமாம். அவளைக் கிளப்ப மன்றம் ஆனமட்டும் பார்த்தது. ஒவ்வொரு தடவையும் எங்கள் நாடகக் குழுவோடு படிக்கட்டில் உட்கார்ந்து, ‘அறை உங்களுக்குத்தாம்மா’ என்று மேயர் வாயாலேயே சொல்ல வைத்துவிடுவாள். அந்த அறை போனால் குழுவும் போச்சு. அது அவளுக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

விழாவில் தலைவர் மைக்கைப் பிடித்தார்.

“நம்ம புதுக் கலைக் கொள்கையில மூத்த கலைஞர்னா, உழைச்சது போதும், ஓய்வெடுங்கன்னு நகரம் கொண்டாடுற கலைஞர். இனி அவங்க அறையெல்லாம் மன்றத்துக்கு. இந்தப் பட்டத்த நாங்க குடுக்கல. அக்காவே போன் பண்ணிக் கேட்டு வாங்கிக்கிட்டாங்க! மேல்மாடியையும் மனசார விட்டுக் குடுத்துட்டாங்க!”

முன்வரிசையில் இருந்த எங்கள் குழுவினர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “நம்மகிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே” என்றாள் எங்கள் கதாநாயகி. அதன் பிறகு அவர்கள் யாரும் மேடையைப் பார்க்கவில்லை.

நான் பக்கத் திரைக்கு அருகில் நின்றிருந்தேன். இல்லை என்று சொல்லத்தான் அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் கைதட்டல் எழுந்துவிட்டது. ஆயுசு முழுக்க மேடையில் நின்ற உடம்பு அது, கைதட்டல் கேட்டால் அவளைக் கேட்டுக்கொண்டிருக்காது. கைகூப்பிக் குனிந்தது. நிமிர்ந்து, மறுபடியும் பேசப் போனாள். தலைவர் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி இன்னும் பலமாகத் தட்டினார். அரங்கமும் எழுந்து நின்று தட்டியது.

அவள் மறுபடியும் குனிந்தாள்.