விட்டுக்கொடுக்கும் தையல்

தேர்வுக்கு முந்தின நாள் மாலை வகுப்பில் என் ஏப்ரன் கிழிந்தது. இரும்பைக் கடையும் லேத் மெஷினின் முன்பக்கம் நீளமாகச் சுழலும் திருகுக் கம்பியில் இடுப்புப் பட்டையின் நுனி மாட்டிக்கொண்டது. நான் கத்துவதற்குள் பட்டை தையலோடு பிய்ந்து கம்பியில் சுற்றிக்கொண்டது. நின்ற இடத்திலேயே நின்றேன். பக்கத்து மெஷினில் இருந்த கஜபதிதான் ஓடிவந்து மோட்டாரை நிறுத்தினான்.

"இன்னா வனஜா, மெஷினுக்கே தாலி கட்டிட்டியா?"

எல்லோரும் சிரித்தார்கள். பாடம் எடுக்கும் ஜேம்ஸ் சார் சிரிக்கவில்லை. "நாளைக்கு வெளியிலேர்ந்து எக்ஸாமினர் வர்றார். ஏப்ரன் சரியில்லேன்னா லேத் பக்கமே விடமாட்டார். ஒழுங்கா தெச்சுக்கிட்டு வா."

இதைத் தவறவிட்டால் அடுத்த தேர்வு ஆறு மாதம் கழித்துத்தான். தேறினால் அம்பத்தூர் எஸ்டேட்டிலேயே கருவிகள் செய்யும் ஒரு டூல் ரூமில் வேலைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதுவரை ஏற்றுமதிச் சட்டைக் கம்பெனியில் செக்கர் வேலைதான். பகல் முழுக்கத் தையலை இழுத்துப் பார்ப்பேன். விட்டுப்போனால் திருப்பி அனுப்புவேன். அப்படிப்பட்ட என் ஏப்ரனே இப்படி விட்டது எனக்கு அவமானமாக இருந்தது.

மறுநாள் ஞாயிறு காலை வெளிச்சம் வந்ததும் வாசற்படியில் உட்கார்ந்தேன். பழைய நூல் துணுக்குகளைப் பிடுங்கினேன். பை தைக்க அம்மா வைத்திருந்த நைலான் நூலைக் கோத்தேன். பட்டையின் நுனியை உள்ளே மடித்து, ஏப்ரனோடு சேர்த்து வைத்து, ஊசியை ஒவ்வொரு முறையும் ஒரு தையல் பின்னால் குத்தி முன்னால் எடுத்து, நாலு பக்கமும் கட்டமாகத் தைத்தேன். நடுவில் பெருக்கல் குறி. அப்படியும் சந்தேகம் போகாமல் மூலைகளில் இன்னொரு முறை ஓட்டினேன்.

அம்மா எட்டிப் பார்த்தாள். "அடேயப்பா, இத்துல எருமையையே கட்டலாம் போலகீதே!"

பெருமையாகக் கட்டிக்கொண்டு நின்றேன். "எருமை, வந்து துன்னு. இட்லி ஆறுது" என்று அம்மா தொங்கிய நுனியைப் பிடித்துச் சுண்டி இழுத்தாள். நான் அப்படியே இழுபட்டுப்போய்க் கதவில் இடுப்பை இடித்துக்கொண்டேன்.

வலித்த இடத்தைத் தேய்க்கும்போதுதான் உறைத்தது. அம்மாவின் கைக்கே இப்படியென்றால் மோட்டாருக்கு? நேற்று அந்தத் தையல் விட்டதால்தான் நான் மெஷினுக்குள் இழுபடாமல் நின்ற இடத்தில் நின்றேன். செக்கர் புத்தியோடு தைத்திருக்கிறேன். சட்டையில் தையல் விடக்கூடாது. லேத் முன்னால் விட்டே ஆக வேண்டும்.

நானாக யோசித்தது என்பதால் உடனே நம்பிக்கை வரவில்லை. பிளேடால் நைலானைப் பிரித்தேன். சாதாரணப் பருத்தி நூலில், ஒற்றை இழையில், ஒரே வரிசை தைத்தேன். இனி மாட்டவே கூடாது என்று பட்டையின் நீளத்தையும் குறைத்தேன். கட்டிக்கொண்டு குனிந்தேன், நிமிர்ந்தேன், தண்ணீர்க் குடத்தைத் தூக்கினேன். தையல் தாங்கியது.

"அம்மா, முன்ன மாதிரியே இழு."

இழுத்தாள். பட்டை அவள் கையோடு போனது. நான் அசையவில்லை.

"ஐயோ, பிஞ்சிக்கினு வந்துடுச்சேடி!"

"அதுதாம்மா வேணும்" என்று மறுபடி தைத்தேன். மீதி நூலை ஊசியில் கோத்துக் காலரின் உள்பக்கம் குத்திக்கொண்டேன்.

மதியம் எக்ஸாமினர் வரிசையாக ஒவ்வொருவர் பட்டையையும் இழுத்துப் பார்த்துக்கொண்டு வந்தார். நான் சட்டைகளை இழுப்பதைப் போலவேதான். என்னிடம் வந்து வெடுக்கென்று இழுத்தார். பட்டை அவர் கையில் இருந்தது.

"இதுதான் தெச்ச லட்சணமா? வெளியே நில்லு."

ஜேம்ஸ் சார் தலையில் கை வைத்துக்கொண்டார். நான் வெளியே போகவில்லை. காலையில் இழுபட்டு இடித்த இடுப்பு இன்னும் வலித்துக்கொண்டிருந்தது. அந்த வலியில் சந்தேகம் எதுவும் இல்லை.

"சார், நேத்து இது கம்பியில மாட்டுச்சு. பிஞ்சதாலதான் நான் முழுசா வந்திருக்கேன். இன்னிக்கும் மாட்டினா பிய்யணும்னுதான் இப்படித் தெச்சேன். துணியைப் பாருங்க, கிழியல. நூல் மட்டும்தான் விட்டிருக்கு."

அவர் பட்டையைத் திருப்பிப் பார்த்தார். "வேலைக்கு நடுவுல பிஞ்சா?"

"மோட்டாரை நிறுத்திட்டுத் தெச்சுக்குவேன் சார்."

காலரிலிருந்து ஊசியை எடுத்தேன். அவர் மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தார். "நேரம் உன் கணக்குலதான் போவும். தை."

"எனக்கும் ஒரு பட்டன் போயிருக்கு, தங்கச்சி" என்றான் கஜபதி, பின்னாலிருந்து.

"அப்புறம் வா, வாயைச் சேத்துத் தெக்கிறேன்."

எக்ஸாமினர் சிரித்தாரா என்று பார்க்கவில்லை; கண் தையலில் இருந்தது. அதே நூல், அதே ஒற்றை வரிசை. முடிச்சுப் போட்டு, பின்னால் கட்டி, நுனிகளை உள்ளே செருகினேன். அவர் இரண்டாவது முறை இழுத்துப் பார்க்கவில்லை. லேத்தைக் காட்டினார்.

போன நேரத்தை நினைத்துக் கவலைப்பட நேரமில்லை. தேர்வுக்குக் கொடுத்த இரும்புத் துண்டை லேத்தின் பிடியான சக்கில் வைத்து இறுக்கி, மையம் பார்த்து, மோட்டாரைப் போட்டேன். உளி பட்ட இரும்பிலிருந்து முதல் சீவல் சுருள் அறுபடாமல் நீலமாகச் சுழன்று வந்தது.