மூடிய தறிக்குழி

வண்டியில் தறிச் சாமான்களை ஏற்றிக் கட்டியாகிவிட்டது. மருதாசலம் மட்டும் உள்ளே நின்று, நெய்யும்போது காலை இறக்கிக்கொள்ளும் தறிக்குழியை மண் கொட்டி மூடி, கட்டையால் அடித்து இறுக்கிக்கொண்டிருந்தான். மனைவி சௌந்திரம் பின்னாலேயே சாணம் மெழுகி வந்தாள். குழியைத் திறந்து போட்டுவிட்டுப் போனால் நெசவாளிக்கு அழகில்லை என்பது அவன் நினைப்பு. அதோடு, தரை பழையபடி இருந்தால்தான் முன்பணம் திரும்பக் கிடைக்கும் என்று குடிவந்த அன்றே வீட்டுக்காரர் காளியண்ணன் சொல்லியிருந்தார். உலகச் சண்டைக் காலத்தில் நூல் தட்டுப்பாடாகி, இங்கே ஆட்டையாம்பட்டியில் நூல் கொடுத்துவந்த முதலாளி கைவிரித்துவிட்டார். ராசிபுரத்தில் ஒருவர் நூல் தருகிறார். ஆனால் அங்கே முன்பணம் வைக்காமல் வீட்டுச் சாவி கிடைக்காது. இவன் கையில் வேறு சல்லிக்காசு கிடையாது.

காளியண்ணன் வந்து எட்டிப் பார்த்தார்.

"அடப்பாவி, குழிய ஏம்ப்பா மூடுன?"

"நீங்கதானுங்களே மூடச் சொன்னீங்க."

"அது அப்போ. இப்ப வாரவங்களும் தறிக்காரங்க. குழி இருக்குதுன்னுதான் ஊட்டப் பேசியிருக்கறேன். தோண்டிக் குடுத்துட்டுப் பணத்த வாங்கிக்க."

ஒரு வார்த்தை கேட்டுவிட்டு மூடியிருக்கலாம். கேட்காமலே நல்லவனாகப் போனதற்கு இது கூலி. ஈரம் காயாத மெழுக்கின்மேல் அவன் கடப்பாரையைப் போட்டான். சௌந்திரம் சாணிக் கையைக் கழுவாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தோண்டி முடிப்பதற்குள் புதுக் குடித்தனக்காரன் சென்னிமலை தன் மனைவியோடு வந்து சேர்ந்தான். மருதாசலம் மண் ஒட்டிய கையை நீட்டினான்.

"இரப்பா, அவங்க குடுக்கட்டும். உம்பணத்தப் பொட்டியில பூட்டியா வெச்சிருக்கறேன்?" என்றார் காளியண்ணன்.

அப்போதுதான் விளங்கியது. இவன் கொடுத்த பணம் எப்போதோ கரைந்துபோய்விட்டது.

சென்னிமலை அவனை மெல்ல ஓரமாக அழைத்தான். "ஏனுங்க, ஊட்டுக்காரரு எப்படிங்க? போறப்ப பணத்தத் தகராறு இல்லாமத் திருப்பிருவாருங்களா?"

வாசற்படியில் நின்று காளியண்ணன் இவன் வாயையே பார்த்தார். உள்ளதைச் சொன்னால் இந்த ஆள் மடியை அவிழ்க்காமல் திரும்பிப் போய்விடுவான். ஏற்றின வண்டி எங்கே போகும்? சௌந்திரத்தைப் பார்த்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"தங்கமான மனுசனுங்க," என்றான் மருதாசலம். சொன்ன வாயைக் கழுவ வேண்டும் போலிருந்தது.

சென்னிமலை மடியை அவிழ்த்துக் கொடுத்தான். காளியண்ணன் எண்ணி, தரையைக் கொத்திப் பாழாக்கியதற்கென்று கொஞ்சம் எடுத்துக்கொண்டு, மீதியை மருதாசலத்தின் கையில் வைத்தார். ராசிபுரத்து வீட்டுக்காரன் இதற்குச் சாவியைத் தருவானா என்று தெரியவில்லை. எதிர்த்துக் கேட்கலாம் என்றால், இப்போதுதான் அவரைத் தங்கம் என்று சொல்லியிருக்கிறான்.

சென்னிமலை அதற்குள் குழியோரம் உட்கார்ந்து காலை உள்ளே தொங்கவிட்டான். தறியின் மிதிகட்டை இருக்கிற நினைப்பில் காலை மாற்றி மாற்றி அழுத்திப் பார்த்து, மருதாசலத்தை நிமிர்ந்து பார்த்து வாயெல்லாம் பல்லாகச் சிரித்தான்.

"அளவு கச்சிதமா இருக்குதுங்க!"