செல்லக்கனியின் கல்வாழைகள்

மத்தாப்பு ரூமில் தீப்பிடித்ததிலிருந்து செல்லக்கனிக்கு வலதுகை விரல்கள் மடங்குவதில்லை. திரி செருக முடியாதவளுக்குப் பட்டாசுக் கம்பெனியில் தோட்ட வேலை கொடுத்தார்கள். கேட்டிலிருந்து ஆபீஸ் வரைக்கும் கல்வாழைப் பூச்செடி வரிசை. ஆடி மாதம் அதில் புழு விழுந்தது.

“இலையெல்லாம் பீடி மாதிரி சுருண்டு கெடக்கே” என்றார் போர்மேன் ராஜபாண்டியன். “அடுத்த மாசம் வடக்கயிருந்து ஆர்டர் குடுக்க ஆளு வாராக. மருந்து வாங்கித் தாரேன், அடிச்சிரு.”

“வேண்டாம் அண்ணாச்சி. பொம்பளைக அம்புட்டுப் பேரும் இங்கனதான் உக்காந்து சாப்புடுதாக. நாள் பூரா வெடிமருந்துலதான் கெடக்கோம். சோத்துக்குப் பக்கத்துலயும் மருந்தா?”

“அப்போ பிடுங்கிப் போட்டுரு.”

“ஒரு மாசம் பொறுங்க.”

சுருண்ட இலையை விரல்களால் பிரிக்க வரவில்லை. ஈர்க்குச்சியை உள்ளே விட்டு நெம்பினாள். கருந்தலைப் பச்சைப்புழு ஒன்று நெளிந்தது. அதைச் சோப்புத்தண்ணீர் வாளியில் தட்டினாள். நான்கு நாள் இதே வேலை. ஆனாலும் காலையில் வந்து பார்த்தால் புதிதாகச் சுருண்டிருக்கும். ஐந்தாம் நாள் ஓர் இலையைத் திருப்பிப் பார்த்தபோதுதான் அடியில் குண்டூசித் தலையளவு முட்டைகள் தெரிந்தன. எல்லா இலையிலும் இருந்தன.

அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து, இடது கையில் அரிவாளை எடுத்து, வரிசை முழுவதையும் தரையோடு அறுத்தாள். எரிக்க வழியில்லை, பட்டாசுக் கம்பெனிக்குள் தீக்குச்சிக்கே இடம் கிடையாது. மூட்டை மூட்டையாகக் கட்டி, சாயங்காலம் கம்பெனி வேனில் ஏற்றிக்கொண்டுபோய், பக்கத்து வீட்டுப் பஞ்சம்மாளின் கோழிகளுக்கு முன்னால் கொட்டினாள்.

மறுநாள் மொட்டைத் தரையைப் பார்த்து ராஜபாண்டியன் தலையில் கைவைத்தார். “மொத்தமா முடிச்சுட்டியே!”

“கெழங்கு உள்ளதான இருக்கு அண்ணாச்சி” என்றாள். சொன்னாளே தவிர, தினமும் காலையில் வந்ததும் மண்ணைத்தான் கிளறிப் பார்த்தாள்.

ஒன்பதாம் நாள் முளை எட்டிப் பார்த்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு இலையாக அடிப்பக்கத்தை ஈரத்துணியால் துடைத்தாள். அதற்கு உள்ளங்கையே போதும். சாப்பாட்டு நேரத்தில், திரி செருகும் மாரிச்செல்வி பக்கத்தில் வந்து நின்றாள். “யக்கா, இந்த அஞ்சு செடி எனக்கு.” மறுநாள் இன்னும் நாலு பேர் துணியோடு வந்தார்கள்.

வடக்கத்தி ஆட்கள் வந்த அன்று செடிகள் முழங்கால் உயரம்தான் இருந்தன. பூ இல்லை. ஓர் இலைகூடச் சுருண்டிருக்கவும் இல்லை. மூன்று வாரம் கழித்து, முதல் சிவப்புப் பூ விரிந்தது. பெண்கள் சாப்பாட்டுத் தூக்கோடு அதைச் சுற்றி நின்றார்கள்.

அவர்கள் வேலைக்குத் திரும்பிய பிறகு ராஜபாண்டியன் மெல்ல வந்தார். “செல்லக்கனி, எங்க வீட்டுச் செம்பருத்தியில வெள்ளையா என்னமோ அப்பிக் கெடக்கு. ஒருநா வந்து பாத்துச் சொல்லுதியா?”

“ஞாயித்துக்கெளம வாரேன் அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டு, அடுத்த இலையைத் திருப்பினாள்.