ரோசியின் காலைச் சாப்பாடு

ரோசி எட்டு நாட்களாகக் காலைச் சாப்பாட்டைத் தொடவில்லை. செவ்வாய்க்கிழமை மிருக வைத்தியர் டொக்டர் ப்ரீத்தி, பிராணிகளுக்குச் சாப்பாடு தயாரிக்கும் என் குசினிக்கு வந்து, வெள்ளிக்கிழமை அவளை மயக்க ஊசி போட்டுச் சோதிக்கப் போவதாகச் சொன்னார்.

ரோசி ஒரு மண்ணிறக் கரடி. வயது இருபத்தாறு. மூடிப்போன ஒரு சர்க்கஸிலிருந்து அவளையும் மோமோ என்ற ஆண் கரடியையும் மீட்டு, சிட்னிக்கு வெளியே இருக்கும் எங்கள் சரணாலயத்துக்குக் கொண்டுவந்து ஐந்து மாதமாகிறது. என் கணவர் நாங்கள் இருக்கும் பென்டில் ஹில் முழுக்க ‘சிவாஜினி கரடிக்குச் சமைக்கிறாள்’ என்று சொல்லித் திரிகிறார். நான் சமைப்பதில்லை. வெட்டுகிறேன், நிறுக்கிறேன். ப்ரீத்தி எழுதித் தந்த அளவுக்கு மேலே ஒரு கரட் துண்டுகூடப் போகக்கூடாது.

“மயக்கினா எழும்புவாளோ டொக்டர்?”

“தெரியல அக்கா. வயசாயிடுச்சு, இதயமும் வீக். பல்லோ, குடலோ, உள்ள ஏதோ இருக்கு. பெருசா இருந்தா எழுப்பவே மாட்டோம்.”

சொல்லிவிட்டு அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.  ஒரு விஷயத்தை நான் எல்லோருக்கும் மறைத்து வைத்திருந்தேன்.

ரோசி வந்த அன்று அவளுடைய விலா எலும்புகளை எண்ணலாம். எங்கள் வீட்டில் மெலிந்த ஒருவர் வாசலுக்கு வந்தால், சுகம் விசாரிக்க முன்னரே சாப்பாட்டுக் கோப்பையை எடுத்து வைப்போம். ப்ரீத்தியின் அளவுத்தாளைப் பார்த்தபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவ்வளவு பெரிய உடம்புக்கு இதுவா சாப்பாடு? அன்றிலிருந்து தினமும் நாலு மணிக்கு, ஒரு ஐஸ்கிரீம் பெட்டி நிறைய அவித்த வற்றாளங்கிழங்கும் கச்சான் கடலையும் அவளுடைய கதவின் கீழிருக்கும் சாப்பாட்டு இடுக்கு வழியாகத் தள்ளிவிடுவேன். அவள் நக்கித் தின்னும் சத்தத்தைக் கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்குக் கார் எடுப்பேன்.

இனியும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனுசியே இல்லை.

“டொக்டர், என்னை ஏசுங்கோ, வேலையை விட்டும் நிப்பாட்டுங்கோ. நான் பின்னேரத்தில அவளுக்குச் சாப்பாடு குடுக்கிறனான்.”

“எவ்வளவு?”

“ஒரு பெட்டி.”

“தினமுமா?”

“ஓம்.”

ப்ரீத்தியின் முகம் சிவந்தது. “மறைச்சது ரொம்பத் தப்புக்கா. ஆனா ஒரு டப்பா கிழங்குக்காக இவ்ளோ பெரிய கரடி காலைல பட்டினி கிடக்காது. காரணம் வேற.”

ஏச்சு வாங்கியதுதான் மிச்சம். பயம் அப்படியே இருந்தது. அவள் தராசில் ஏறினாலாவது உண்மை தெரிந்துவிடும். ஆனால் மேடையில் ஏற்றி ஆடவைக்கப்பட்ட பிராணி. தராசைக் கண்டாலே பின்வாங்குவாள். குளிர்கால மயிர் வேறு அடர்ந்து வளர்ந்து, உள்ளே எலும்பா கொழுப்பா என்று காட்டவில்லை.

வாசலில் ஒருவர் செருமினார். இரத்தினசிங்கம் அங்கிள். ஓய்வுபெற்றவர், நார்த்மீட்டிலிருந்து வந்து சும்மா உதவியாகச் சாப்பாட்டு வண்டி ஓட்டுகிறவர். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார்.

“பிள்ளை, நானும்…”

“என்ன நானும்?”

“பேரீச்சம்பழம். ஒரு பை. நான் வாற நாளில மட்டும்தான்.”

“நீங்கள் ஒவ்வொரு நாளும் வாறனீங்கள்தானே அங்கிள்!”

“அதுதான்,” என்றார் அவர். “நீர் நிறுக்கிற நிறுவையைப் பார்த்தா ஆருக்கும் வயிறு எரியும்.”

எனக்கு வந்த கோபத்துக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அதற்குள் ப்ரீத்தி மெல்லக் கதிரையில் உட்கார்ந்தார்.

“பத்து நாளா சாயங்காலம் இதய மாத்திரைக்காக பிரெட்ல தேன் தடவிக் குடுக்கிறேன்ல…”

“அது மருந்துதானே டொக்டர்.”

“மாத்திரை ஒண்ணுதான் அக்கா. பிரெட் எட்டு.” அவர் எங்களைப் பார்க்கவேயில்லை. “பாவமா பார்த்தா. நான் என்ன பண்றது?”

 பிறகு ப்ரீத்தி எழுந்து டொக்டர் ஆனார். “வயிறு நிறைஞ்சுதான் காலைல சாப்பிடலையான்னு இப்பவும் நிச்சயமா சொல்ல முடியாது. இன்னைலேர்ந்து யாரும் எதுவும் குடுக்கக் கூடாது. மாத்திரைக்கு ஒரே ஒரு பிரெட். வியாழக்கிழமை காலைல அவ சாப்பிட்டா ஊசி வேண்டாம். சாப்பிடலைன்னா வெள்ளிக்கிழமை மயக்கித்தான் ஆகணும்.”

புதன்கிழமை காலையும் அவள் தொடவில்லை. அன்று நாலு மணிக்கு அவளுடைய கதவைக் கடந்தபோது, அந்த இடுக்கில் மூக்கை வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தாள். நான் காதைப் பொத்திக்கொண்டு காருக்கு ஓடினேன். நெடுஞ்சாலை வரும்வரை அழுதுகொண்டே ஓட்டினேன். உள்ளே உண்மையிலேயே நோய் இருந்தால், கடைசி நாட்களில் அவளைப் பட்டினி போட்டவளும் நான்தான்.

வியாழக்கிழமை காலை மூவரும் வேலிக்கு இப்பால் நின்றோம். மோமோ வழக்கம்போலத் தன்னுடையதை முடித்துவிட்டுப் புல்லில் புரண்டது. ரோசி வந்தாள். பாத்திரத்தை முகர்ந்தாள். திரும்பி நடந்தாள்.

“முருகா,” என்றார் அங்கிள்.

நாலு அடி போனவள் நின்றாள். திரும்பி வந்து ஒரு கரட்டை எடுத்துக் கடித்தாள். அது தொண்டைக்குள் இறங்கியதும் இன்னொன்று. பிறகு தலையைப் பாத்திரத்துக்குள் விட்டவள் வெளியே எடுக்கவேயில்லை. எல்லாம் முடிந்ததும் பாத்திரத்தைக் கவிழ்த்து, அடிப்பக்கத்தையும் நக்கினாள்.

ப்ரீத்தி என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். அங்கிள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்பவும் துடைத்தார். நான் அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டேன். வெள்ளிக்கிழமை ஏற்பாடுகளை ரத்துச் செய்யச் சொல்லி ப்ரீத்தி போனில் ஆங்கிலத்தில் பேசினார். இவ்வளவு சந்தோஷம் நான் என் பிள்ளை பரீட்சை பாஸ் பண்ணியபோதும் படவில்லை.

ரோசி நேரே என் முன்னால் வந்து, கம்பிக்கு அப்பால் உட்கார்ந்தாள். என்னையே பார்த்தாள். என் கை தானாகவே பைக்குள் போனது. விடிய எழும்பிக் கைப்பழக்கத்தில் கிழங்கை அவித்துப் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்திருந்தேன்.

“அக்கா!” ப்ரீத்தி கையை நீட்டினார். “குடுங்க இங்க.”

கொடுத்தேன். அவர் மூடியைத் திறந்து ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டார். “உப்பு கூடப் போட்டிருக்கீங்களா?”

“கொஞ்சம்,” என்றேன்.

பெட்டியை அங்கிளிடம் நீட்டினார், பிறகு என்னிடம். ரோசி எங்கள் ஒவ்வொரு வாயையும் மாறி மாறிப் பார்த்தாள். நானும் எழும்பினேன், மூன்று பேரும் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, பெட்டி காலியாகும்வரை சாப்பிட்டோம்.